டேம்பர் எங்க நிக்குது, டிஃபரன்ஷியல் எங்க உக்காந்திருக்கு?

பிப்ரவரி 3, 2025 (வாசகர் கேள்வி)

பழைய பின் வீல் டிரைவ் கூப்பே ஒண்ணு வாங்கியிருக்கேன். சாதா டேம்பர் (ஷாக் அப்சார்பர்). இதே மாடல்ல விலை கூடின வேரியண்ட்டுக்கு அடாப்டிவ் சஸ்பென்ஷனும் (ரோட்டுக்கு ஏத்தபடி டேம்பர் இறுக்கத்தைத் தானே மாத்துறது) எலக்ட்ரானிக் டிஃபரன்ஷியலும் (என்ஜின் விசையை ரெண்டு பின் சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்கிறது) சேர்ந்தே வருது. எனக்கு டிஃப் வேணாம், டேம்பர் மட்டும் போதும். நாலு டேம்பர், ஒரு கண்ட்ரோல் பெட்டி, கொஞ்சம் வயரிங், அவ்வளவுதானே? ரெண்டையும் சேர்த்து விக்கிறது காசு பிடுங்கத்தான்னு நினைக்கிறேன். சார்ஜால ஒர்க்‌ஷாப்ல சஸ்பென்ஷன் வேலை பார்க்கிற அண்ணன் சொல்லட்டும்.

பிப்ரவரி 3, இரவு 11.20

காசுன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி வண்டியை லிஃப்ட்ல ஏத்து தம்பி. பின் சக்கரத்துக்குக் கீழ நின்னு அண்ணாந்து பாரு. நடுவுல டிஃப். அதிலேர்ந்து ரெண்டு பக்கமும் டிரைவ் ஷாஃப்ட் சக்கரத்தோட மையத்துக்குப் போகுது. இப்போ டேம்பர் நிக்க ரொம்ப நல்ல இடம் எதுன்னு யோசி. சக்கரத்துக்கு எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்ட, மையத்துக்கு நேர் மேல. அந்த இடத்தை டிரைவ் ஷாஃப்ட் ஏற்கெனவே பிடிச்சாச்சு. அதனால டேம்பரோட கால் ஷாஃப்டுக்கு முன்னாடி விலகணும், இல்ல பின்னாடி விலகணும், இல்ல கீழ ரெண்டாப் பிரிஞ்சு ஷாஃப்டை நடுவுல விட்டுத் தாண்டணும். சைலன்சர், பெட்ரோல் டேங்க், பூட் தளம் எல்லாமே அதே இடத்துக்குத்தான் போட்டி போடுது.

டேம்பரை யாரும் கடையில போய்ப் பிடிச்சதை எடுக்கிற மாதிரி எடுக்கிறதில்ல. டிஃபும் ஷாஃப்டும் விட்டு வைக்கிற இடம் என்னவோ, அதுதான் எந்த டேம்பர்னு தீர்மானிக்குது.

பிப்ரவரி 4

ஒரு நல்ல உதாரணம் ஞாபகம் வந்தது. 1961ல ஜாகுவார் இ-டைப் வந்தப்போ அதோட பின் சஸ்பென்ஷன் முழுக்க ஒரு இரும்புக் கூண்டுக்குள்ள. டிஃப், பிரேக் டிஸ்க், ஸ்பிரிங், எல்லாம் ஒரே கட்டு; ரப்பர் மவுண்ட்ல பாடியோட தொங்கும். டேம்பர் ஷாஃப்டுக்கு முன்னாடியா பின்னாடியாங்கிற கேள்விக்கு ஜாகுவார் சொன்ன பதில்: ரெண்டு பக்கமும். ஒரு சக்கரத்துக்கு ரெண்டு காயில்-டேம்பர், ஷாஃப்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. பின்பக்கத்துக்கு மட்டும் மொத்தம் நாலு.

இன்னொண்ணு, அந்த டிரைவ் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுத்துறதோட நிக்கல. சக்கரத்தை மேல பிடிச்சு வைக்கிற ஆர்மா வேலை பார்க்கிறதும் அதுதான். வளைவுல சக்கரம் உள்ள தள்ளுற பக்கவாட்டு விசை ஷாஃப்ட் வழியா நேரா டிஃபுக்குள்ள போகும். அப்போ டிஃப் வீடே ஒரு சஸ்பென்ஷன் பாகம். டிஃபை மட்டும் தனியா, சஸ்பென்ஷனை மட்டும் தனியான்னு பிரிச்சுப் பேச வழியே இல்ல.

டிஸ்க்கை டிஃபுக்கு ஒட்டி வெச்சதுல சக்கரத்தோட எடை குறைஞ்சது நல்ல விஷயம். ஆனா பிரேக் சூடு முழுக்க டிஃபோட ஆயில் சீல் பக்கத்துல இறங்கும். பின்னாடி வந்த எக்ஸ்ஜே40ல பிரேக்கைச் சக்கரத்துப் பக்கமே கொண்டு போயிட்டாங்க.

பிப்ரவரி 6

"டேம்பரோட கால் நாலு விரற்கடை உள்ள தள்ளி நின்னா என்ன குறைஞ்சு போகும்?"னு ஒரு நண்பர் கேட்டிருக்கார். நிறையவே குறையும். கணக்குப் போட்டுடுவோம்.

சக்கரம் 10 மி.மீ. ஏறினா டேம்பர் 9.5 மி.மீ. நகருதுன்னு வைங்க. விகிதம் 0.95. அதே டேம்பரை ஆர்ம்ல உள்பக்கமாத் தள்ளி நிறுத்தி விகிதம் 0.7 ஆயிட்டா, 10 மி.மீ.க்கு டேம்பர் நகருறது 7 மி.மீ.தான். சக்கரத்துல அதே அளவு கட்டுப்பாடு வேணும்னா டேம்பர் எவ்வளவு கடினமா இருக்கணும்? விகிதத்தோட வர்க்கத்தால வகுக்கணும். 0.95க்கு 1.11 மடங்கு. 0.7க்கு 2.04 மடங்கு. கிட்டத்தட்ட ரெட்டிப்பு. கதவைப் பிடி பக்கம் தள்ளுறதுக்கும் கீல் பக்கம் தள்ளுறதுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

சாதா டேம்பருக்கே இது சுமை. அடாப்டிவ் டேம்பருக்கு இன்னும் மோசம். அதோட பலமே சின்னச் சின்ன அசைவைப் பிடிச்சு உடனே பதில் சொல்றதுலதான் இருக்கு. ரோட்டுல 2 மி.மீ. வெடிப்பு மேல சக்கரம் ஏறும்போது டேம்பர் தண்டு 1.4 மி.மீ. மட்டும் நகர்ந்தா, அதுல பெரும்பங்கை சீலோட உராய்வும் ரப்பர் புஷ்ஷோட நெகிழ்வுமே முழுங்கிடும். எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துற வால்வுக்கு வேலையே வராது. காசு குடுத்து கம்ஃபர்ட் மோடு வாங்கி, கம்ஃபர்ட் தெரியலைன்னு புலம்புற வண்டிகள்ல நான் முதல்ல பார்க்கிறது டேம்பர் எந்த விகிதத்துல நிக்குதுன்னுதான்.

பிப்ரவரி 6, இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு

மேல சொன்னதுக்கு ஒரு துணைக் குறிப்பு. ராக்கர் (அசைவைத் திசை மாத்திக் குடுக்கிற நெம்புகோல்) வெச்சு டேம்பரைப் படுக்க வைக்கிற ரேஸ் வண்டிகள்ல விகிதம் ராக்கரோட வடிவத்தால முடிவாகும், அங்க டேம்பர் உள்ள இருக்கிறதே தப்பில்ல. ஃபெராரி எஃப்80ல அப்படித்தான் உள்ள படுக்க வெச்சிருக்காங்க. நான் பேசுறது சாதாரணமா ஆர்ம் மேல நேரா நிக்கிற டேம்பர் பத்தி.

பிப்ரவரி 9

ஞாயிறு. நேரம் இருக்கு. கார்வெட் கதையை முழுசா எழுதிடுறேன். இந்த விஷயத்துக்கு அதைவிட நல்ல பாடம் வேற இல்ல.

1963ல ரெண்டாம் தலைமுறை கார்வெட்டுக்குத் தனித்தனி பின் சஸ்பென்ஷன் வந்தது. டிஃபைச் சட்டத்தோட பொருத்தி, அதுக்குக் கீழ குறுக்கா ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்). ஜாகுவார் மாதிரியே இங்கயும் டிரைவ் ஷாஃப்ட்தான் மேல் ஆர்ம். ஷாஃப்டுக்கு மேல ஆர்ம் வைக்க வேண்டாம், காயில் ஸ்பிரிங்குக்கு உயரமான கோபுரம் வேண்டாம். இடம் எக்கச்சக்கமா மிச்சம். 1981ல அந்த எஃகு லீஃபுக்குப் பதிலா ஃபைபர் லீஃப் வந்து எடையும் இறங்கிச்சு.

1997ல வந்த அஞ்சாம் தலைமுறை சி5ல பெரிய மாற்றம். கியர்பாக்ஸை என்ஜின்லேர்ந்து பிரிச்சு டிஃபோட சேர்த்து பின்னாடி கொண்டு வந்துட்டாங்க. நடுவுல ரெண்டையும் இணைக்கிற குழாயா ஒரு டார்க் டியூப். எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிப் பாதி. இந்தக் கட்டத்துல ஷாஃப்டை ஆர்மாப் பயன்படுத்துறதையும் விட்டு ஒழுங்கான ரெண்டு விஷ்போன் (கவட்டை வடிவ ஆர்ம்) குடுத்தாங்க. ஆனா லீஃபை விடல. பின்னாடி அவ்வளவு பெரிய டிரான்ஸாக்ஸில் (கியர்பாக்ஸும் டிஃபும் சேர்ந்த கட்டு) உக்காந்த பிறகும் லீஃப் அதுக்குக் கீழ தட்டையாப் போயிடுது. அதனால டேம்பரைச் சுத்தி ஸ்பிரிங் கிடையாது. வெறும் ஒல்லிக் குழாய். ஷாஃப்டுக்குப் பக்கத்துலயே தாராளமா நிக்கலாம்.

இப்போ அடாப்டிவ் எங்க வருதுன்னு பாருங்க. மேக்னடிக் ரைடு முதல்ல 2002ல காடிலாக் செவில் எஸ்டிஎஸ்ல வந்தது. 2003 மாடல் கார்வெட்டுக்கும் வந்துடுச்சு. அந்த டேம்பர் உள்ள இருக்கிற எண்ணெயில மிக நுண்ணிய இரும்புத் துகள் கலந்திருக்கும். பிஸ்டனுக்குள்ள ஒரு மின்காந்தச் சுருள். கரண்ட் பாய்ஞ்சா துகள் வரிசை கட்டி எண்ணெய் இறுகும், நின்னா இளகும். மில்லி செகண்ட் கணக்குல நடக்கும். நகருற வால்வே கிடையாது. வயர் பிஸ்டன் தண்டுக்குள்ளயே மேல ஏறிடும். வெளியில எந்த மேடும் இல்லாத சாதாரணக் குழாய். வேற பல அடாப்டிவ் டேம்பர்கள்ல குழாயோட விலாவுல ஒரு வால்வு பிதுங்கிட்டு நிக்கும். அந்தப் பிதுக்கம் ஷாஃப்ட் பக்கம் திரும்பக் கூடாது, ஆர்ம் பக்கம் திரும்பக் கூடாது, டயர் பக்கமும் கூடாது. மேக்னடிக் டேம்பருக்கு இந்தக் கவலை இல்ல. இதோட வேகத்தைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க. என் கண்ணுக்கு அதுல பெரிய அழகு அந்த ஒல்லி உடம்புதான்.

2014 மாடல்ல டிரான்ஸாக்ஸிலுக்குள்ள எலக்ட்ரானிக் டிஃபும் சேர்ந்தது. 2020ல சி8 வந்தப்போ என்ஜினே பின்னாடி போயிடுச்சு. கியர்பாக்ஸ், டிஃப் எல்லாம் அதுக்கும் பின்னாடி ஒரே கட்டா. 1963லேர்ந்து வந்த குறுக்கு லீஃபை அதோட வழியனுப்பியாச்சு. நாலு மூலையிலயும் காயில். டிரைவ்லைன் இடம் மாறினதும் ஸ்பிரிங்கோட வகையே மாறிடுச்சு, பாருங்க.

பிப்ரவரி 10

"லீஃப் ஸ்பிரிங்னா லாரி டெக்னாலஜி"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். இல்லங்க. லாரியில லீஃப் நீளவாக்குல கிடக்கும், ஆக்ஸிலைப் பிடிச்சு வைக்கிற வேலையும் அதுக்கே. கார்வெட்ல குறுக்கே கிடக்கு, ஆர்ம் எல்லாம் தனி, லீஃப் ஸ்பிரிங் வேலை மட்டும்தான் பார்க்குது. பெயர் ஒண்ணா இருக்கிறதால ரெண்டும் ஒண்ணாயிடாது.

பிப்ரவரி 14

கடையில நடந்ததை எழுதுறேன், கேள்வி கேட்ட தம்பிக்கு உபயோகப்படும்.

ஐரோப்பியக் கூப்பே ஒண்ணு வந்தது, கம்பெனி பேரு வேணாம். டேஷ்போர்டுல டேம்பர் எச்சரிக்கை விளக்கு. வேற இடத்துல ரெண்டு பின் டேம்பரும் மாத்தச் சொல்லிட்டாங்களாம். கஸ்டமர் நொந்து போய் வந்தார். லிஃப்ட்ல ஏத்தினா விஷயம் கண்ணு முன்னாடி. சத்தம் பத்தலைன்னு வெளியில ஒரு பெரிய சைலன்சர் போட்டிருக்கார். அதோட பைப் டிஃபை ஒட்டி வளைஞ்சு இடது டேம்பரோட வால்வு வயருக்கு ஒரு கட்டைவிரல் தள்ளிப் போகுது. இங்க ஆகஸ்ட்ல வெளி வெயிலே 45 டிகிரி. வயர் உறை உருகி உள்ள கம்பி தெரியுது. டேம்பர் ரெண்டும் நல்லாவே இருந்தது. வயர் மாத்தி, வெப்பத் தகடு வெச்சு, பைப்பை விலக்கிக் குடுத்தோம். விளக்கு அணைஞ்சது.

கம்பெனிக்காரங்க வரையும்போது அந்த இடைவெளியை மில்லிமீட்டர் கணக்குல பார்த்துத்தான் விட்டிருப்பாங்க. டிஃப் ஆயிலும் அங்கதான் சூடாகுது, எக்ஸாஸ்டும் அங்கதான், டேம்பரும் அங்கதான். மூணும் ஒண்ணுக்கொண்ணு சூடு ஏத்திக்கிட்டே இருக்கும். அடாப்டிவ் டேம்பருக்கு எண்ணெய் சூடு ஏறினா தடிமன் குறையும், கண்ட்ரோல் பெட்டி அதுக்கு ஈடு கட்டப் பார்க்கும், ஓரளவுக்கு மேல முடியாது.

பிப்ரவரி 17

மெக்லாரன் பத்திக் கேட்டிருக்கீங்க. அவங்க வேற வழியில போனாங்க. 2011ல வந்த எம்பி4-12சில பின் டிஃப் சாதாரண ஓப்பன் டிஃப்தான். ஒரு சக்கரம் வழுக்கினா மத்ததுக்கு விசையைத் தள்ளுற பூட்டு வகை இல்ல. வளைவுல உள் பின் சக்கரத்துக்கு பிரேக்கைத் தொட்டு வண்டியைத் திருப்புவாங்க. அந்த யோசனை அவங்க 1997 ஃபார்முலா 1 வண்டியில ரெண்டாவது பிரேக் பெடலா இருந்து, 1998ல தடையானது. டிஃப்ல மிச்சம் பிடிச்ச எடையும் சிக்கலும் ஒரு பக்கம். சஸ்பென்ஷன்ல ஆன்ட்டி-ரோல் பாரே (வளைவுல வண்டி சாயாமத் தடுக்கிற கம்பி) வைக்காம, நாலு டேம்பரையும் எண்ணெய்க் குழாயால இணைச்சு உருளலைக் கட்டுப்படுத்தினாங்க. அந்தக் குழாய், அக்யுமுலேட்டர் (எண்ணெய் அழுத்தத்தைச் சேர்த்து வைக்கிற கலம்) எல்லாத்துக்கும் இடம் வேணும்.

அப்புறம் அவங்க ஹைப்ரிட் வண்டி ஆர்டுரா. அதுல எலக்ட்ரானிக் டிஃப் வந்தது. மின் மோட்டார் பின்னோக்கி ஓட்டும்னு ரிவர்ஸ் கியரையே எடுத்துட்டாங்க, கியர்பாக்ஸ் கட்டுக்குள்ள இடம் பிறந்தது. கவனிங்க, அதே வண்டியில எண்ணெய்க் குழாய் இணைப்பு இல்ல. ஆன்ட்டி-ரோல் பாரும் அடாப்டிவ் டேம்பரும். அவங்களோட 750எஸ்ல இன்னமும் ஓப்பன் டிஃப், இன்னமும் குழாய் இணைப்பு. ஒண்ணு வந்ததாலதான் இன்னொண்ணு போச்சுன்னு நான் சொல்ல வரல. ஆனா ரெண்டு வண்டியையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா ரெண்டு முழுத் தத்துவம் தெரியும்.

எனக்கு எது பிடிக்கும்? டிஃப். பிரேக்கால திருப்புறப்போ உந்துவிசையில கொஞ்சம் சூடாப் போயிடுது. ஜெபல் ஹஃபீத் மலை மாதிரி ஏத்தத்துல நீண்ட வளைவு ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வரும்போது நல்ல டிஃப் இருக்கிற வண்டி வளைவு முடியுற இடத்துல தள்ளிட்டுப் போறது முதுகுல தெரியும். ஆனா ஸ்டீயரிங்கைத் திருப்புற முதல் நொடியில ஓப்பன் டிஃப் வண்டிக்கு இருக்கிற லேசு தனி ருசி. அதையும் மறுக்க மாட்டேன்.

பிப்ரவரி 18

நேத்து டிஃபுக்கு ஓட்டுப் போட்டதும் ஒருத்தர் "அப்போ டேம்பர் எதுக்கு, நல்ல டிஃப் போதுமே"ன்னார். போதாது. அதே மாதிரி டேம்பரும் தனியாப் போதாது. அதுக்கு அத்தாட்சி 2009 மாடல் காடிலாக் சிடிஎஸ்-வி. மேக்னடிக் ரைடு இருந்த வண்டி. இருந்தும் அதுல இடது, வலது டிரைவ் ஷாஃப்டுகளை வேணும்னே வேற வேற தடிமன்ல போட்டாங்க.

ஏன்னா வீல் ஹாப். நின்ன இடத்துலேர்ந்து முழு ஆக்ஸிலரேட்டர் குடுத்தா டயர் பிடிக்கும், வழுக்கும், பிடிக்கும், வழுக்கும். ஷாஃப்ட் முறுக்கி முறுக்கி விடும். டிஃப் மவுண்ட் ரப்பர்ல ஆடும். சக்கரம் தடதடன்னு குதிக்கும். ரெண்டு ஷாஃப்டும் ஒரே விறைப்பா இருந்தா ரெண்டு சக்கரமும் ஒரே தாளத்துல சேர்ந்து குதிச்சு ஒண்ணையொண்ணு தூண்டும். விறைப்பை மாத்தினா தாளம் கலைஞ்சுடும். டேம்பர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமா இருந்தாலும் ஷாஃப்ட் முறுக்குறதைத் தடுக்க அதுக்குக் கை எட்டாது.

பிஎம்டபிள்யூ எஃப்80 எம்3ல வேற மருந்து. பின் சப்ஃப்ரேமை (டிஃபையும் சஸ்பென்ஷனையும் தாங்குற சட்டம்) ரப்பரே இல்லாம நேரா பாடியோட போல்ட் பண்ணிட்டாங்க. டிஃப் சத்தம் உள்ள வரும். ஆனா சப்ஃப்ரேம் ஆடாததால டேம்பருக்குக் கிடைக்கிற அசைவு பெரும்பாலும் சக்கரத்தோட அசைவுதான். அன்னைக்குச் சொன்ன அந்த 1.4 மி.மீ. கணக்கோட சேர்த்துப் படிங்க. ரப்பர்ல காணாமப் போற ஒவ்வொரு மில்லிமீட்டரும் அடாப்டிவ் டேம்பருக்கு நஷ்டம்.

பிப்ரவரி 23

ஹைப்ரிட், எலக்ட்ரிக் வந்தா இந்தச் சண்டை ஓயும்னு நினைச்சவங்களுக்கு.

2022ல வந்த மெர்சிடிஸ்-ஏஎம்ஜி சி63 எஸ் ஈ பெர்ஃபார்மன்ஸ். பின் ஆக்ஸில்ல 150 கிலோவாட் மோட்டார், ரெண்டு ஸ்பீடு கியர், எலக்ட்ரானிக் லிமிட்டட் ஸ்லிப் டிஃப், மூணும் ஒரே கட்டு. அதுக்கு மேல 89 கிலோ பேட்டரி. பின் சக்கரமும் திரும்பும். அடாப்டிவ் டேம்பரும் உண்டு. ஒரு சி-கிளாஸ் பின்புறத்துல இவ்வளவையும் அடைச்சிருக்காங்கன்னா வரைஞ்சவங்களுக்குக் கை குடுக்கணும். பூட் இடம் போயிடுச்சுன்னு திட்டுறவங்க ஒரு தடவை கீழேர்ந்து பார்த்துட்டுத் திட்டட்டும்.

ஆடி 2021 ஆர்எஸ்3ல டிஃபையே எடுத்துட்டாங்க. ரெண்டு ஷாஃப்டுக்கும் ஆளுக்கொரு கிளட்ச். பின்னாடி வர்ற விசை முழுசையும் ஒரே சக்கரத்துக்கு அனுப்பலாம். 2016 ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ்லயும் இதே வழிதான்.

லூசிட் ஏர் இன்னும் ஒரு படி மேல. டிஃபை மோட்டாரோட ரோட்டர் நடுவுலயே பொதிஞ்சுட்டாங்க. மோட்டார், இன்வெர்ட்டர், கியர், டிஃப் சேர்ந்து 74 கிலோ.

இதெல்லாம் எதுக்கு? ஷாஃப்ட் நீளத்துக்காகவும். நடுக் கட்டு அகலமானா ஷாஃப்ட் குட்டையாகும். 550 மி.மீ. ஷாஃப்ட்ல சக்கரம் 80 மி.மீ. ஏறினா ஜாயிண்ட் கோணம் 8.4 டிகிரி. 400 மி.மீ. ஷாஃப்டா இருந்தா 11.5. ஜாயிண்ட் சூடாகும், தேயும். கோணத்துக்குப் பயந்து சக்கரத்தோட பயணத்தைக் குறைச்சா டேம்பருக்கு வேலை செய்ய நீளம் கிடைக்காது. அடாப்டிவ்னு பேட்ஜ் ஒட்டியும் குண்டும் குழியுமான ரோட்டுல மட்மட்னு இடிக்கிற வண்டிகள்ல இதையும் பார்க்கணும்.

ஃபெராரி புரோசாங்குவே டேம்பருக்கு விலாவுல 48 வோல்ட் மோட்டாரே ஒட்டியிருக்கு, ஆன்ட்டி-ரோல் பார் இல்ல. டேம்பர் பெருக்குது. இனிமே இடத் தகராறு கூடத்தான் செய்யும்.

மார்ச் 2

தம்பி பார்ட்ஸ் ஆர்டர் போடப் போறேன்னு எழுதியிருக்கான். கொஞ்சம் பொறு.

முதல்ல உன் லோயர் ஆர்ம் பார்ட் நம்பரையும் விலை கூடின வேரியண்ட்டோட நம்பரையும் ஒப்பிடு. ஹப் கேரியரையும் (சக்கரம் மாட்டுற பாகம்). டிஃப் பெருசா இருக்கிற வேரியண்ட்டுக்கு ஆர்மோ சப்ஃப்ரேமோ வேறயா இருக்கிறது சகஜம். வேறன்னா அந்த டேம்பர் உன் வண்டியில நிக்குற விகிதமும் வேற, கண்ட்ரோல் பெட்டியில எழுதின கணக்கு உனக்குப் பொருந்தாது. நம்பர் ஒண்ணுன்னா, ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு சக்கரத்தை ஜாக்கால முழுசா ஏத்தி ஒரு தடவை, முழுசா இறக்கி ஒரு தடவை, டேம்பர் உடம்புக்கும் ஷாஃப்ட் ரப்பர் உறைக்கும் நடுவுல இடைவெளி அள. இறக்கத்துல இடிக்கிறதை நிறைய பேர் விட்டுடுவாங்க. புது டேம்பரோட வால்வு எந்தத் திசை பார்க்குதுன்னு படத்துல பார்த்து அந்தப் பக்கம் தனியா அள. ஆர்ம்ல உயர சென்சருக்கு ஓட்டை இருக்கான்னும் பாரு, அது இல்லாம கண்ட்ரோல் பெட்டிக்குச் சக்கரம் எங்க இருக்குன்னே தெரியாது.

அளந்துட்டு இடது, வலது ரெண்டு பக்கமும் படம் போடு. டிஃப் சரியா நடுவுல உக்காராத வண்டிகள்ல ரெண்டு பக்க இடமும் ஒண்ணா இருக்காது.